பொட்டுக்குக் கீழே இருந்த இலக்கம்

மாஸ்டர்,

“சேர், அந்தப் பொட்டுக்குக் கீழ என்ன இலக்கம் எண்டு உங்களுக்கு ஞாபகமிருக்கோ?”

பக்கத்து மேசையில் இருபது வருசத்துக்கு மேல் இருந்து நீங்கள் என்னிடம் எத்தனையோ கேட்டிருக்கிறீர்கள். கரும்பலகைக்குச் சோக்கட்டி இருக்கோ, நாலாம் பாடம் எனக்கு மாத்தித் தருவியளோ, மழை வருமோ. எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன நான் இந்த ஒன்றுக்கு மட்டும் சரியான பதில் சொல்லவில்லை. போன செவ்வாய்க்கிழமை அந்தக் கேள்வி ஒரு பிளாஸ்ரிக் பைக்குள் கிடந்து என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவர் கௌசி ரீச்சர். நாங்கள் இரண்டு பேரும் ஓய்வுபெற்ற பிறகு கணினிக் கூடத்தைப் பொறுப்பெடுத்தவர். ஸ்கூட்டியை வேலியோடு விட்டுவிட்டு வந்து, பையை என் மேசையில் வைத்தார். உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சை நெற்வேர்க் காட், ஒரு கொம்பியூட்டரை மற்றவற்றோடு இணைக்கிற அட்டை. தூசி படிந்து, ஓரத்தில் ஆணித்துளை துருப்பிடித்திருந்தது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். சூட்டில் காய்ந்த தூசி மணம், பழைய கூடத்தின் மணம்.

“பழைய சேவரைக் கழட்டினனாங்கள் சேர். இது மட்டும் தனியச் செருகிக் கிடந்தது. பழைய ஆக்களிட்டக் கேட்டன். நீங்கள்தானாம் முதலே யோசிச்சு இதைக் கொண்டுவரச் சொன்னது. எப்பிடி சேர் உங்களுக்கு முதலே தெரியும்?”

“தேத்தண்ணியைக் குடியுங்கோ” என்றேன். உண்மையைச் சொன்னால் மாஸ்டர், அந்த நிமிடம் எனக்கு மனம் குளிர்ந்துதான் போயிருந்தது. கௌசி ரீச்சர் உங்களைக் கண்டதில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அவவில் எனக்கு ஒரு தனிப் பிரியம் இருக்கிறது.

அவ கேட்டது இரண்டு உதவி. பாடசாலை ஆண்டு மலருக்கு, வாங்குவதற்கு முன்னம், கொம்பியூட்டரின் தாய்ப்பலகையான ஒரு மதர்போட், லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தில் ஓடுமா என்று பார்ப்பது எப்படி என ஒரு கட்டுரை வேண்டும். அதைவிட, வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் புதிதாக ஒரு சேவர் மதர்போட் அனுப்பப்போகிறார்களாம். அது சரிவருமா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டாவதைச் செய்துவிட்டேன். முதலாவதுக்கு உட்கார்ந்தால் கட்டுரை வரவில்லை. பேனை உங்களைப் பார்த்தே எழுதுகிறது.

எங்கள் ஆசிரியர் அறையில் உங்கள் மேசை வாசலோடு இருந்தது, என்னுடையது யன்னலோடு. ஏதாவது சிக்கலோடு உள்ளே வருகிறவர்கள் எல்லாரும் உங்களிடமே நின்றுவிடுவார்கள். அது மேசை இருந்த இடத்தால் என்று பல வருசம் என்னை நானே தேற்றிக்கொண்டேன். பிறகு ஒரு தவணை விடுமுறையில் அறைக்கு வெள்ளை அடித்தபோது, மேசைகளை இடம் மாற்றிப் போட வைத்தேன். வாசலோடு நான், யன்னலோடு நீங்கள். அடுத்த நாளே ஆட்கள் என்னைக் கடந்து, “குட் மோர்னிங் சேர்” என்று சொல்லிக்கொண்டு யன்னல் பக்கம் போனார்கள். நீங்கள் தலையை உயர்த்தி என்னிடம், “இஞ்ச நல்ல காத்து வருது சேர். இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்லை?” என்றீர்கள். அது பகிடியா, உண்மையான சந்தோசமா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

கணினி விசயத்தில் என்னை விட்டால் ஆளில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வவுனியாவில் பயிற்சிக்குப் போனது நான். சட்டம் போட்டுக் கூடத்தில் தொங்கியது என் சான்றிதழ். நீங்கள் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டு, பரந்தன் சந்தியில் இன்ரநெற் இருக்கிற கொமினிகேசன் கடையில் இருந்து நீங்களாகவே லினக்ஸ் பழகினீர்கள். ஆறு மாதத்தில் கேள்விகள் உங்களிடம் போகத் தொடங்கின. சான்றிதழில் தூசி தட்டுகிற வேலை என்னிடம் இருந்தது.

நீங்கள் வேலை செய்கிற விதம் எனக்கு எரிச்சலாக இருக்கும். எந்தச் சாமான் வந்தாலும் பெட்டியின் முன்பக்கத்தைப் பார்க்க மாட்டீர்கள். திருப்பி, பக்கத்தில் ஒட்டியிருக்கிற ஒட்டுத்தாளில் இருக்கிற எறும்பளவு எழுத்தைத் தேடுவீர்கள். “பெரிய எழுத்து விக்கிறவனுக்கு சேர், சின்ன எழுத்துத்தான் எங்களுக்கு” என்பீர்கள். அது உங்கள் அப்பாவிடம் பிடித்த பழக்கமாம். முல்லைத்தீவுக் கரையில் அவர் வள்ளத்து எஞ்சினுக்குச் சாமான் வாங்கப் போகும்போது எஞ்சினின் பெயரைச் சொல்லிக் கேட்க மாட்டாராம். தகட்டில் வெட்டியிருக்கிற இலக்கத்தைச் சிகரெட் பெட்டியில் எழுதிக்கொண்டு போவாராம். ஒரே பெயரில் இரண்டு எஞ்சின், இரண்டுக்கும் பொருந்துகிற பின் ஆணி வேறு வேறு. மாறி வாங்கினால் கரையில் தெரியாது, நடுக்கடலில்தான் தெரியும்.

அந்த வருசம் நவராத்திரி நாட்களில் கனடாவில் இருந்து எங்கள் சேவருக்குச் சாமான் வந்தது. கூடத்தில் இருந்த இருபது பழைய கொம்பியூட்டர்களும் ஒரே இடத்தில் இருந்து பாடங்களையும் பழைய வினாத்தாள்களையும் எடுத்துப் பார்க்கலாம், இன்ரநெற் தேவையில்லை. திட்டம் என்னுடையது. சேவரில் லினக்ஸ் போடுவோம் என்பது உங்கள் யோசனை, ஆனால் கூட்டத்தில் அதை நான் சொன்னேன். விஜயதசமி அன்று திறப்பு விழா. சாமானை அனுப்பிய பழைய மாணவரே வந்து திறந்து வைப்பதாக ஏற்பாடு.

கறுப்புப் பெட்டியில் மதர்போட் வந்து இறங்கிய அன்றே நீங்கள் வந்தீர்கள். “பூசைக்கு வைக்க முதல் ஒருக்காத் திறந்து பாப்பமே சேர்?”

நான் பார்த்துவிட்டேன் என்றேன். உண்மையாகவே பார்த்திருந்தேன். லினக்ஸில் ஓடுகிற மதர்போட்களின் பட்டியலை இன்ரநெற்றில் தேடி, இந்தப் பெயர் அதில் இருக்கிறதைக் கண்டு, தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். முதல் தடவையாக உங்களிடம் கேட்காமல் நானே சரிபார்த்த சாமான் அது. அதை நீங்கள் திறந்து, திருப்பி, அந்தச் சின்ன எழுத்தைப் பார்த்து ஒரு “ம்ம்” சொல்லப்போகிறீர்கள் என்ற நினைப்பே எனக்குத் தாங்கவில்லை.

அதனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கும்பத்துக்குப் பக்கத்தில், புத்தகங்களுக்கு மேல் வைத்தேன். கடைசி மூன்று நாளும் பூசையில் வைத்ததை எடுக்கக் கூடாது. இதை மலரில் வாசிக்கிறவர்கள் எனக்குப் பக்தி என்று நினைத்துவிடக் கூடாது. உங்கள் கை படாமல் இருக்கவே நான் அதைச் சரஸ்வதிக்கு முன்னால் வைத்தேன். சந்தனம் தொட்டுக் குங்குமமும் வைத்தேன். பெட்டி முழுக்கக் கறுப்பு. குங்குமம் எடுப்பாகத் தெரிகிற வெள்ளை இடம் பக்கத்து ஒட்டு ஒன்றுதான். அதில் வைத்தேன்.

அடுத்த நாள் பூசைக்குப் பிறகு எல்லாரும் கடலை வாங்கிக்கொண்டு போக, நீங்கள் மட்டும் கும்பத்துக்கு முன்னால் நின்றீர்கள். கையைப் பின்னால் கட்டி, தலையை ஒரு பக்கம் சரித்துக்கொண்டு.

“என்ன மாஸ்டர், தேவாலயத்தை விட்டிட்டுச் சரஸ்வதியிட்ட வந்திட்டியள்? மாதா கோவிக்கப்போறா.”

“மாதாட்டச் சொல்லிப்போட்டுத்தான் சேர் வந்தனான்.”

“பூசையில வைச்ச சாமானைத் தொடப்படாது.”

“நான் எங்க தொட்டன்? பாக்கிறன்.”

அப்போது நீங்கள் ஒட்டை வாசித்துக்கொண்டிருந்தீர்கள் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. மதர்போட்டின் பெயர். அதன் பிறகு பதிப்பு இலக்கம்: ஒன்று, ஒரு புள்ளி. புள்ளிக்குப் பிறகு என் பொட்டு. விரலால் ஒரு தடவு தடவியிருந்தால் தெரிந்திருக்கும். நீங்கள் தடவவில்லை. எங்கள் சாமிக்கு வைத்ததில் கை வைக்க உங்களுக்கு மனம் வரவில்லை. உள்ளங்கையில் பேனையால் பெயரை எழுதிக்கொண்டு பரந்தனுக்குப் போனீர்கள்.

மறுநாள் காலையில் என் மேசைக்கு வந்து மெதுவாகச் சொன்னீர்கள். அந்த மதர்போட்டுக்கு இரண்டு பதிப்பு உண்டு. பெயர் ஒன்று, ஆனால் உள்ளே இருக்கிற நெற்வேர்க் சிப் வேறு. முதல் பதிப்பு என்றால் எங்களிடம் இருக்கிற பழைய லினக்ஸ் டிஸ்க்குக்கு அதைத் தெரியும். பிந்தினது என்றால் அந்த டிஸ்க் வெளிவந்த காலத்தில் அந்தச் சிப்பே இல்லை, அதற்கு டிரைவர் இருக்காது.

டிரைவர் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு நான் ஓர் உதாரணம் சொல்வேன். எங்கள் மொழி தெரியாத ஓர் அதிகாரியிடம் அலுவலாகப் போகிறோம். இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் கூட வந்தால் அலுவல் நடக்கும். வராவிட்டால் அவரும் நல்லவர், நாங்களும் நல்லவர்கள், ஆனால் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சும்மா பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். லினக்ஸுக்கும் சிப்புக்கும் நடுவில் நிற்கிற அந்த ஆள்தான் டிரைவர். இந்த உதாரணம் என்னுடையது மாஸ்டர். நீங்களும் வகுப்பில் சொன்னதாகக் கேள்வி. இதை மட்டும் உங்களுக்கு விட்டுத்தர மாட்டேன்.

எல்லாம் சொல்லிவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள். “பொட்டு வைச்சது நீங்கள்தானே சேர். அதுக்குக் கீழ என்ன இலக்கம் எண்டு ஞாபகமிருக்கோ?”

“ஞாபகமில்லை” என்றேன்.

நான் கணக்கு வாத்தி. பஸ்ஸில் ஏறினால் ரிக்கற் இலக்கத்தை மூன்றாலும் ஒன்பதாலும் பிரித்துப் பார்க்கிறவன். ஓர் இலக்கத்தின் மேல் சந்தனத்தை வைத்துவிட்டு அது என்ன என்று மறப்பேனா? குங்குமம் தொட்ட விரல் கீழே இறங்கும்போதே நான் அதை வாசித்திருந்தேன். தெரிந்துகொண்டுதான் இல்லை என்றேன். என் பட்டியல் சரி, உங்கள் சின்ன எழுத்து வீண் என்று ஒரு தடவையாவது நடக்கட்டும் என்று நினைத்தேன்.

நீங்கள் “சரி சேர், பறவாயில்லை” என்றீர்கள். ஒருநாளும் திரும்பக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அதற்கும் நீங்கள் இடம் தரவில்லை.

விஜயதசமி அன்று விடிய ஐயர் தீபம் காட்டின உடனேயே பெட்டியை எடுத்துக்கொண்டு போய் மதர்போட்டை நானே சேவருக்குள் பூட்டினேன். உங்களைக் கூப்பிடவில்லை. லினக்ஸ் ஒரு குறையும் சொல்லாமல் ஏறியது. எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா? பிறகு நெற்வேர்க்கைப் பார்த்தேன். சேவர் தன்னைத் தவிர வேறு ஒருவரையும் அறியாமல் இருந்தது. கம்பியை மாற்றினேன். திரும்ப எழுப்பினேன். இருபது திரையிலும் தொடர்பு இல்லை. வெளியே மேளச் சத்தம் கேட்டது. கனடாவில் இருந்து வந்தவரை மாலையோடு கூட்டிக்கொண்டு வருகிறார்கள். அதிபர் உள்ளே வந்து சேவருக்கும் ஒரு மாலை போட்டார். அது சரியாகக் காற்றுப் போகிற துளைகளை மூடிக்கொண்டு தொங்கியது.

எல்லாரும் கதிரையில் இருந்தாயிற்று. என் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. அப்போதுதான் வாசலில் உங்கள் குரல் கேட்டது, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

“சேர், நீங்கள் சொன்னமாதிரி அந்தக் காட்டைக் கொண்டந்திருக்கிறன். இப்ப போடுவமோ?”

நான் விலகி இடம் விட்டேன், மாஸ்டர். நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மாலையைக் கழற்றி, “இவரும் கொஞ்சம் காத்து வாங்கட்டும்” என்று சொல்லிச் சிரிக்க வைத்து, மின்சாரத்தை நிற்பாட்டி, சட்டைப்பையில் இருந்து திருகாணிச் சாவியை எடுத்தீர்கள். எந்தப் பழைய லினக்ஸும் அறிந்த ஒரு பழைய நெற்வேர்க் காட். அதைச் செருக அந்த மதர்போட்டில் இடம் இருக்கிறதென்று படத்தில் முன்னமே பார்த்து வைத்திருந்தீர்கள். பத்து நிமிடத்தில் முன்வரிசைத் திரையில் முதல் பாடம் வந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். பழைய மாணவர் தன் பேச்சில் என் பெயரைச் சொல்லி, “எங்கட சேர் அண்டைக்கும் இப்பிடித்தான், முதலே யோசிச்சு வைச்சிருப்பார்” என்றார். எனக்குச் சால்வை போர்த்தினார்கள். நான் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

பிறகு தண்ணீர்க் குழாயடியில் உங்களைப் பிடித்துக்கொண்டேன். நன்றி சொல்ல வரவில்லை, சண்டைக்கு வந்தேன்.

“ஏன் மாஸ்டர் அப்பிடிச் சொன்னியள்? நான் எப்ப உங்களிட்டச் சொன்னனான்?”

“தொடப்படாது எண்டு சொன்னியள்தானே? தொடாமச் செய்யிறதெண்டா இலக்கம் எதுவா இருந்தாலும் சரிவாற மாதிரி ஒண்டைக் கொண்டுவரவேணும். நீங்கள் சொன்னதாலதான் காட் வந்தது.” முகத்தைக் கழுவிவிட்டுச் சிரித்தீர்கள். “சால்வை நல்ல வடிவா இருக்கு சேர்.”

நீங்கள் என்னை மட்டந்தட்டியிருந்தால் ஒரு கிழமையில் மறந்திருப்பேன். நீங்கள் தந்த மரியாதையோடு இத்தனை வருசம் சீவிப்பது கஷ்டமாக இருந்தது.

நீங்கள் கண்மூடியபோது உங்கள் அடக்கத்துக்கு வந்திருந்தேன். கடற்கரை மாதா கோயில் நிறைந்து, ஆட்கள் மணலில் நின்றார்கள். நாங்கள் இரண்டு பேரும் படிப்பித்த பிள்ளைகள், என் வகுப்புப் பிள்ளைகள்கூட, குழந்தைகள் மாதிரி அழுதார்கள். என்னுடையதற்கு இவ்வளவு பேர் வருவார்களா என்று யோசித்தேன். உங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அதைத்தான் யோசித்தேன். அங்கேயும் எனக்குப் பொறாமைதான்.

உங்கள் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகைக்கிடையில் ஒரு கதை சொன்னா. “அந்தத் திறப்பு விழாவுக்கு எங்கட வீட்டுக் கொம்பியூட்டரில இருந்த காட்டைத்தான் சேர் கழட்டிக்கொண்டு வந்தவர். மகள் ஒரு கிழமை தகப்பனோட கதைக்கேல்லை. ‘சேர் அவசரமாக் கேட்டவர், மாட்டன் எண்டு சொல்லேலுமோ’ எண்டார்.”

வீட்டிலும் அப்படியே சொல்லி வைத்திருந்தீர்கள். ஆக, உண்மை தெரிந்த இரண்டு பேரில் ஒருவர் போய்விட்டார். மற்றவர் வாயைத் திறக்காவிட்டால் அந்தக் காட் என்றென்றைக்கும் என்னுடையது. கௌசி ரீச்சர் பையை மேசையில் வைத்தபோது என் முன்னால் இருந்தது இதுதான். கட்டுரையை எழுதி, கீழே என் பெயரைப் போட்டால் போதும். மலரில் அச்சாகிவிடும்.

இரண்டு நாள் அந்த ஆசையோடு இருந்தேன், மறைக்கவில்லை. தலைப்பும் எழுதிப் பார்த்தேன். இடையில் அவ புதிய மதர்போட்டின் படத்தை வைபரில் அனுப்பினா. பெட்டியின் முன்பக்கம், பெரிய எழுத்து, பளபளப்பு. என் விரல் என்னைக் கேட்காமலே பதில் எழுதியது: “பெட்டி வேண்டாம் ரீச்சர். மதர்போட்டை வெளியில எடுக்கச்சொல்லி, மூலையில இருக்கிற சின்ன எழுத்தைப் படமெடுத்து அனுப்பச்சொல்லுங்கோ.” அனுப்பின பிறகுதான் அது யாருடைய குரல் என்று உறைத்தது.

பதிப்பு இலக்கம் வந்தது. அதில் என்ன நெற்வேர்க் சிப், டிஸ்க்குகளைப் பிடிக்கிற சிப் எது என்று தேடினேன். அனுப்புகிறவரிடம் சொல்லி, பென்டிரைவில் லினக்ஸைப் போட்டு அங்கேயே அந்த மதர்போட்டை எழுப்பி, lspci -k என்று அடித்து வருகிறதைப் படமெடுத்து அனுப்ப வைத்தேன். எந்தச் சிப்புக்கு எந்த டிரைவர் பிடித்திருக்கிறது என்று அது வரிசையாகக் காட்டும். இரண்டு நெற்வேர்க் வாய்களில் ஒன்றுக்கு டிரைவர் பெயர் இருந்தது, மற்றதற்குக் கீழே ஒன்றும் இல்லை. டிரைவர்கள் அடங்கிய உள்மையமான கேர்னல் புதிதாக இருக்கிற லினக்ஸால் எழுப்பிப் பார்க்கச் சொன்னேன். இரண்டும் பிடித்தன. சாமான் கப்பல் ஏற முதலே விசயம் முடிந்தது.

கௌசி ரீச்சருக்குப் பெரிய சந்தோசம். “வாற பூசைக்கு இதையும் வைப்பம் சேர்.”

“வையுங்கோ. ஆனா முதல் ஓட்டிப் பாத்துப்போட்டு வையுங்கோ.”

“நீங்கள் சரியான ஆள் சேர். இப்பிடி யார் பாக்கினம்?”

அந்தப் புகழ்ச்சி சால்வையைப் போலவே கனத்தது. நான் செய்தது முழுக்க நீங்கள் செய்கிற வேலை. அவவுக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும். நேற்றுப் பின்னேரம் அவவைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். அவ கொஞ்ச நேரம் அந்தக் காட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. பிறகு, நான் எதிர்பார்த்த அதே வசனம். “எவ்வளவு பெரிய மனுசன் சேர் அவர்!”

பாருங்கள் மாஸ்டர். உங்களைக் காணாத ஒருவர் மிச்சமிருந்தா. அவவும் இப்போது யன்னல் பக்கம் போய்விட்டா.

காட்டை உங்கள் மகளிடம் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். அது உங்கள் வீட்டுச் சாமான். என்னிடம் மிஞ்சி இருப்பது, மருந்துப் போத்தலானாலும் மின்விசிறி வாங்கினாலும் பெட்டியைத் திருப்பிச் சின்ன எழுத்தைத் தேடுகிற பழக்கம். அதோடு இந்தப் பொறாமையும். இரண்டும் இனிப் போகா. நீங்கள் இல்லாமல் தனியாக இருக்க எனக்கு இரண்டில் ஒன்றாவது துணைக்கு வேண்டும்.

நீங்கள் கேட்ட இலக்கம் இரண்டு, மாஸ்டர். ஒன்று, புள்ளி, இரண்டு. அன்றைக்கே எனக்குத் தெரியும்.

மலரை வாசிக்கிற பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும்: உங்கள் கைக்கு ஒரு மதர்போட் வந்தால், லினக்ஸ் பட்டியலில் தேடப் போக முதல், அதில் இருக்கிற பதிப்பு இலக்கத்தைக் கடைசி எழுத்துவரை வாசித்து எழுதிக்கொள்ளுங்கள். அதன் மேல் பொட்டு இருந்தால் துடைத்துவிட்டு வாசியுங்கள்.